கோழிகளுக்குப் போன ரொட்டி

ரொக்காவெர்னா ஊர்ப் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையலுக்குச் சேர்ந்தபோது எர்மீனியாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இப்போது அவளிடம் சாப்பிடுகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்களே அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். யாருக்குத் தக்காளித் தோல் தொண்டையில் நிற்கும், யார் பட்டாணியைக் கைக்குட்டையில் சுற்றி ஒளிப்பான், யாருக்கு இரண்டாவது தட்டு வேண்டும், ஆனால் கேட்க வெட்கம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வியாழக்கிழமை இறைச்சி உருண்டை போடுகிற நாளில் பிள்ளைகள் மாடிப்படியிலேயே மோப்பம் பிடித்துக் கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்காகவே வியாழக்கிழமைகளில் அவள் கொஞ்சம் சீக்கிரம் எழுவாள்.

கேன்டீனின் பின்வாசலுக்கு எதிரே லொரேத்தாவின் வீடு. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். எர்மீனியாவின் ஒரே மகள் நொயேமிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் லொரேத்தாதான். அன்றிலிருந்து ஊர் வழக்கப்படி ஒருவரையொருவர் 'கொமாரே' என்று அழைத்துக்கொண்டார்கள். ரொக்காவெர்னாவில் கூடப் பிறந்தவளோடு சண்டை போடலாம், பேசாமலும் இருக்கலாம். கொமாரேயோடு மட்டும் கூடாது. லொரேத்தாவுக்குப் பிள்ளை இல்லை. கணவன் வின்சென்சோ போய்ச் சேர்ந்த பிறகு துணை என்று இருந்தது கொல்லையில் வளர்த்த கோழிகள்தான்.

பிள்ளைகள் மிச்சம் வைக்கிற ரொட்டியைக் குப்பையில் கொட்ட மனசு வராது எர்மீனியாவுக்கு. கேன்டீனை நடத்திய கூட்டுறவுக்காரர்களிடம் கேட்டு, ஆடு கோழிக்குக் கொடுக்கலாம் என்று அனுமதியும் வாங்கியிருந்தாள். வேலை முடிந்ததும் இரண்டு பைகளில் ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து லொரேத்தாவின் வீட்டுக்குப் போவாள். காப்பி குடிப்பாள். திரும்பும்போது கையில் முட்டை இருக்கும். பல வருஷமாக இதுதான் நடைமுறை.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், போனில் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்திருந்த குழுவில் ஒரு படம் வந்தது. போட்டவர் பெயர் 'மணிக்கூண்டு ஆந்தை'. அது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாகத் தெருக் குழிகளையும் நகராட்சிக்காரர்களின் தொந்திகளையும் கிண்டல் அடித்து எழுதிக்கொண்டிருந்த பொய்ப் பெயர். ஊரே ரசித்துச் சிரிக்கும். எர்மீனியாவும் சிரித்திருக்கிறாள்.

இந்த முறை படத்தில் இருந்தது அவள். பின்வாசலில் இருந்து இரண்டு கையிலும் பையோடு வெளியே வருகிறாள். மேலேயிருந்து எடுத்த படம், கொஞ்சம் மங்கல். கீழே எழுதியிருந்தது: "நம்ம பிள்ளைங்க தட்டுல கெட்டுப்போன இறைச்சியும் நேத்து மிச்சமும். நல்லதெல்லாம் பின்வாசல் வழியா எந்த வீட்டுக்குப் போகுதோ? நான் யாரையும் குத்தம் சொல்லல. சும்மா கேக்குறேன்."

சாயங்காலத்துக்குள் அது ஊரைத் தாண்டிப் பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டது. "எம் பையன் ஏன் பசியோட வீட்டுக்கு வர்றான்னு இப்பத்தான் புரியுது" என்று ஒருத்தி. "அவ வீட்டு ஃப்ரிஜ்ஜைத் திறந்து பாருங்கப்பா" என்று ஒருவன். "புதுக் கார் எங்கேயிருந்து வந்துச்சாம்?" என்று இன்னொருத்தி. அந்தக் கார் எர்மீனியாவின் புருஷன் தொனாத்தோ தன் சித்தப்பா மகனிடம் வாங்கிய பழைய கார்.

எர்மீனியா தானே பதில் எழுதினாள். "அது மிச்ச ரொட்டி. கோழிக்கு." அவ்வளவுதான் எழுதத் தெரிந்தது. உடனே வந்தது: "எந்தக் கோழி? பேன்ட் போட்ட கோழியா?" சிரிப்புப் படங்களாக வரிசை கட்டின. "யார் வீட்டுக் கோழின்னு பேரைச் சொல்லு பாப்போம்!"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு நேரே லொரேத்தாவிடம் ஓடினாள்.

"கொமாரே, நீ ஒரு வரி எழுதேன். அந்த ரொட்டி எங்க வீட்டுக்குத்தான் வருதுன்னு. அதோட முடிஞ்சிரும்."

லொரேத்தா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பைத்தியமாடி உனக்கு? நான் வாயைத் திறந்தா என்னையும் சேத்துக் கிழிப்பானுங்க. நீ அழ அழத்தான் அவனுங்களுக்கு ருசி. விடு. நாலு நாள்ல வேற எவளாவது மாட்டுவா, உன்னை மறந்துருவானுங்க."

"யாரு கொமாரே இப்படி எடுத்திருப்பாங்க?"

"மேலேயிருந்து எடுத்திருக்கான். பக்கத்து மாடியில அந்தப் பால்தஸ்ஸாரே இல்ல, எந்நேரமும் ஜன்னல்லயே நிப்பாரே? எனக்கு அவர் மேலதான் சந்தேகம்."

பால்தஸ்ஸாரே தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். மறுநாள் தெருவில் அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னபோது எர்மீனியா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் அப்படித்தான்.

லொரேத்தாவின் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொமாரே பயப்படுகிறாளே, விதவையை எதற்கு இதில் இழுக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து கிடங்கையும் குளிர்பெட்டிகளையும் குடைந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை யாரும் குழுவில் போடவில்லை. கூட்டுறவின் அதிகாரி பெண் ஒருத்தி எர்மீனியாவைக் கூப்பிட்டு, "எங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா அம்மாமார்கள் டப்பாவுல சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. சத்தம் அடங்குற வரைக்கும் கொஞ்சம் வீட்டுல இருங்க" என்றாள். நம்பிக்கை இருப்பவர்கள் ஏன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்க எர்மீனியாவுக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். அதிகாரியின் பெண் குழந்தையும் அந்தக் கேன்டீனில்தான் சாப்பிட்டது. அவர் மரியாதையாக உட்கார வைத்து எழுதிக்கொண்டார். "பேரில்லாத ஆளு அம்மா. யாருன்னு கண்டுபிடிக்க மாசக்கணக்குல ஆகும். கண்டுபிடிக்காமலே போனாலும் போகலாம். உள்ளதைச் சொல்லிடறேன்."

அந்தக் குளிர்காலத்தில் தொனாத்தோ ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "எர்மீ, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, கொஞ்சம் எண்ணெய், அந்த மாதிரி எதுவும் எடுத்துட்டு வந்ததில்லையே? இருந்தா சொல்லிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். அவன் பின்னாலேயே வந்து, "வேலை செய்யற இடத்துல கேக்குறானுங்க, அதான்" என்றான். மன்னிப்பும் கேட்டான். அவள் சரி என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு முதுகைக் காட்டித்தான் படுத்தாள்.

அவளிடம் எதையும் கேட்காதவள் லொரேத்தா மட்டும்தான். வாரத்துக்கு மூன்று நாள் முட்டையோடு வருவாள். கெமோமில் பூத் தேநீர் போட்டுக் கொடுப்பாள். குழுவில் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டி, எழுதியவர்களின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குத் திட்டுவாள். எர்மீனியாவுக்கு அதில் ஒரு ஆறுதல்.

மார்ச் மாதம் நொயேமி பொலோஞ்ஞாவில் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினாள். பட்டம் வாங்குகிறவர்கள் சூடும் இலைக் கிரீடத்தோடு நிற்கும் படத்தை அவள் மத்தியானம் ஊர்க் குழுவில் போட்டாள். வாழ்த்துகள் குவிந்தன. அவற்றுக்கு நடுவே ஆந்தைப் படத்தோடு ஒன்று: "என் கண்ணே, என் பட்டதாரிப் பொண்ணே! உன் ஞானத்தாயோட ஆயிரம் முத்தம்!"

இரண்டு மூன்று நிமிஷத்தில் அது காணாமல் போயிற்று. அதே வார்த்தைகள் லொரேத்தாவின் சொந்தப் பெயரில் மறுபடி வந்தன. நொயேமி முதலில் வந்ததைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். உடனே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, உட்காந்துக்கோ. எனக்கு எத்தனை ஞானத்தாய்?"

"என்னடி கேள்வி இது? ஒருத்திதான். லொரேத்தா."

"அப்போ மணிக்கூண்டு ஆந்தை எப்படிம்மா எனக்கு ஞானத்தாயா இருக்க முடியும்?"

நொயேமி அனுப்பிய படத்தை எர்மீனியா திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அக்டோபர் படத்தைத் தேடி எடுத்தாள். அந்தப் பைகள். அவை யார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இன்னொருத்தி அந்த ரொட்டிக்காகப் பால்கனியில் காத்து நின்றவள், படம் எடுத்திருக்கிறாள். எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து கதவைத் திறந்து, "வாடி கொமாரே, காப்பி கொதிக்குது" என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை லொரேத்தா முட்டையோடு வந்தாள். நொயேமியின் கிரீடம் எவ்வளவு அழகு என்று பேசினாள். சாயம் ஏதும் வெளுத்துவிட்டதா என்று ஆழம் பார்க்கிறாள் என்று எர்மீனியாவுக்குப் புரிந்தது. கத்த வேண்டும், கூடையைச் சுவரில் அடிக்க வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் வாய் "நன்றி" என்றது. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஊர் முழுக்கத் திட்டியபோதுகூட அப்படி அழுததில்லை.

வக்கீல் பெத்ரெக்கா கம்போபாஸ்ஸோ நகரத்தில் இருந்தாள். இளம் வயது, வேகமான பேச்சு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நஷ்டஈடு கேட்டு நேரா கோர்ட்டுக்குப் போக முடியாதும்மா. அவதூறு வழக்குன்னா முதல்ல சமரசத்துக்கு உட்காரணும், சட்டம் அப்படி. ஒரு மத்தியஸ்தர் இருப்பார். அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா கையெழுத்து. இல்லேன்னா கோர்ட், அப்புறம் வருஷக்கணக்கு. உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு அவ பேர் வேணும்" என்றாள் எர்மீனியா.

அழைப்பு லொரேத்தாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வரவில்லை. எதிர்வீட்டுப் பால்கனிக் கதவும் மூடியே கிடந்தது.

மே மாதம், கம்போபாஸ்ஸோவில் ஒரு மூன்றாம் மாடி அறை. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள். மத்தியஸ்தர் தெ சாந்திஸ் தணிந்த குரலில் பேசுகிற ஒல்லியான மனிதர். இங்கே பேசுவது இந்த அறைக்கு வெளியே போகாது என்றார். லொரேத்தா கல்யாணத்துக்குப் போகிற நீல உடுப்பை அணிந்து வந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

அவளுடைய வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "என் கட்சிக்காரர் எந்த இடத்திலும் பெயரைக் குறிப்பிடவில்லை. முகமும் தெளிவாக இல்லை. குற்றம் சாட்டவும் இல்லை. கேள்விதான் கேட்டார்."

"ஆமா" என்றாள் லொரேத்தா அவசரமாக. "உன் பேரை நான் போடலையே, எர்மீ. கேள்விதானேடி கேட்டேன்?"

எர்மீனியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் உங்க கொல்லையில இருந்துச்சு, சிஞ்ஞோரா. கேக்கத் தேவையே இல்ல."

முன்பின் தெரியாத பெண்ணை அழைக்கிற அந்த 'சிஞ்ஞோரா'வும் 'நீங்க'வும் லொரேத்தாவின் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தன.

"நீங்கன்னு சொல்லாதடி" என்றாள் மெதுவாக. "திட்டு. அடி. நீங்கன்னு மட்டும் சொல்லாத."

"ஏன் பண்ணீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

லொரேத்தா கைக்குட்டையைப் பிசைந்தாள். வக்கீல் அவள் கையைத் தொட்டுத் தடுக்கப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

"வின்சென்சோ செத்த பிறகு யாரு என் வீட்டுக்கு வந்தா? நீ வந்தே, காப்பி குடிச்சே, புருஷன் வர்ற நேரமாச்சுன்னு ஓடிட்டே. அப்புறம் ராத்திரி வரைக்கும் நானும் டிவியும். ஒரு நாள் சும்மா அந்த ஆந்தைப் பேர்ல தெருக்குழியைப் பத்தி எழுதினேன். ஊரே சிரிச்சுது. மறுநாள் ரொட்டிக் கடையில என் முன்னாலயே ஆந்தை சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்புறம் குழி அலுத்துப் போச்சு. யாரும் கண்டுக்கல. ஏதாவது பெருசா வேணும்னு..."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"கேன்டீன் சாப்பாடு சரியில்லன்னு அன்னைக்கு ரெண்டு அம்மாமார் பேசிக்கிட்டிருந்தாங்க. படம் என் போன்ல இருந்துச்சு. நீ பையோட சிரிச்சுக்கிட்டே வந்தே, சும்மா எடுத்து வெச்சிருந்தேன். நாலு பேர் சிரிப்பாங்க, அழிச்சிரலாம்னுதான் நினைச்சேன். சத்தியமா. அப்புறம் அது என் கைய மீறிப் போயிருச்சு."

"மீறிப் போன பிறகு எட்டி இழுத்திருக்கலாமே. நான் ஓடி வந்து ஒரு வரி எழுதச் சொன்னப்போ?"

லொரேத்தா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"என் வீட்டுல உக்காந்து, அவங்க எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டினீங்களே. அது எதுக்கு? நான் அழறதையும் பாக்கணுமா?"

"நீ என்னைத் தேடினே" என்றாள் லொரேத்தா. "அந்த அஞ்சு மாசம் நீ காப்பி குடிச்சிட்டு ஓடல. என்கூடவே இருந்தே."

எர்மீனியா கோபத்துக்குப் பழகியிருந்தாள், பொறாமைக்குக்கூடத் தயாராக வந்திருந்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் நிம்மதியைக் கெடுத்தவளே அந்த ஐந்து மாதமும் தன்னை மடியில் போட்டுத் தாலாட்டியிருக்கிறாள், அதில் சந்தோஷமாகவும் இருந்திருக்கிறாள்.

மத்தியஸ்தர் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். அங்கும் இங்கும் நடந்தார். லொரேத்தா பணம் தருவதாகச் சொன்னாள். எர்மீனியா வேண்டாம் என்றாள். பிறகு எதிர் வக்கீல் எழுதிய மறுப்பு வாசகம் வந்தது: 'தவறான புரிதல் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன்.'

"இந்த 'ஏற்பட்டிருந்தால்' எதுக்கு?" என்றாள் எர்மீனியா. "ஏற்படாம இருந்துச்சுன்னு யாராவது சொல்றாங்களா?"

அதை அடித்தார்கள். 'வருந்துகிறேன்' மன்னிப்பாக மாறியது. அவள் கேட்டது மூன்று: சொன்னது பொய் என்று இருக்க வேண்டும். அந்த ரொட்டி லொரேத்தாவின் கோழிகளுக்குத்தான் போனது என்று இருக்க வேண்டும். ஆந்தையின் பெயரில் இல்லாமல், லொரேத்தாவின் சொந்தப் பெயரில், அதே குழுவில் ஒரு மாதம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும். பதிலுக்குக் காவல் நிலையப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள்.

முதல் இரண்டுக்கும் லொரேத்தா தலையாட்டிவிட்டாள். பெயர் என்றதும் அவளே எழுந்து எர்மீனியா இருந்த அறைக்கு வந்தாள்.

"பேரு மட்டும் வேண்டாம். நான் இந்த ஊர்ல வாழணும். ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்?"

"நான் எந்த முகத்தோட போனேன்?" என்றாள் எர்மீனியா. "இந்த ஏழு மாசமா அதே கோயிலுக்குத்தானே போறேன். நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

லொரேத்தா கையெழுத்துப் போட்டாள். வெளியே மாடிப்படியில் ஒரு கணம் நின்று, எர்மீனியாவின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். எர்மீனியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

சனிக்கிழமை காலை மறுப்பு வந்தது. குழுவின் உச்சியில், லொரேத்தாவின் பெயரோடு. எர்மீனியா அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். பொய்க்கு வந்த கூட்டத்தில் கால்வாசிகூட உண்மைக்கு வரவில்லை. சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருத்தி எழுதினாள்: "எல்லாம் சரி, ஒரு விதவையை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கணுமா? வீட்டுக்குள்ளேயே பேசித் தீத்திருக்கலாமே." அதற்குத்தான் நிறைய விருப்பக் குறிகள் விழுந்தன. தொனாத்தோ அதைப் படித்துவிட்டுப் போனைத் தூக்கி சோபாவில் எறிந்தான். அவளுக்கு அன்றைக்கு அவன் மேல் கொஞ்சம் பாசம் வந்தது.

பால்தஸ்ஸாரேயின் வீட்டு மணியை அவள் மறுநாள் அடித்தாள். படியிலேயே நின்று மன்னிப்புக் கேட்டாள். "நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு என் தூக்கமே போச்சு, எர்மீனியா. என் பெஞ்சாதி இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது செஞ்சுட்டாளோன்னுகூட நினைச்சேன்" என்றார் கிழவர். அவளுக்குத் தலை நிமிரவில்லை. அவர் உள்ளே வரச் சொன்னார், அவள் போனாள்.

லொரேத்தா கோடை முடியும் முன்பே வீட்டைப் பூட்டிவிட்டு தெர்மோலியில் அக்காவிடம் போய்விட்டாள். நொயேமிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. பதில் எழுதட்டுமா என்று மகள் கேட்டாள். "உனக்கு அவ ஞானத்தாய். அது உனக்கும் அவளுக்கும். என்னைக் கேக்காத" என்றாள் எர்மீனியா. மகள் எழுதினாளா இல்லையா என்று பிறகு விசாரிக்கவும் இல்லை.

செப்டம்பரில் கூட்டுறவு அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டது. அதற்கு முந்தின வாரம் வக்கீல் பெத்ரெக்கா போன் செய்தாள். "கீழே கண்டபடி எழுதினவங்க மேலயும் கேஸ் போடலாம்மா. அவங்களும் பொறுப்புதான். அந்த ஃப்ரிஜ்ஜைத் திறக்கச் சொன்ன ஆளு, கார் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டவ, எல்லாரும் சொந்தப் பேர்லதான் எழுதியிருக்காங்க. சுலபம்."

எர்மீனியா வேண்டாம் என்றாள்.

"மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் வக்கீல்.

"இல்லம்மா. ஆனா திங்கக்கிழமையிலிருந்து அவங்க பிள்ளைங்களுக்கு நான் சோறு போடணும்."

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் கூட்டம். காரைப் பற்றி எழுதியவள் தன் சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல், "வந்துட்டீங்களா எர்மீனியா! இவ போன வருஷம் பூரா ஒண்ணும் சாப்பிடலங்க, உங்க கையாலன்னாத்தான் இறங்கும்" என்றாள்.

எர்மீனியா குனிந்து, அந்தக் குழந்தையைப் பார்த்தாள். முன்பல் விழுந்து புதிது முளைத்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்குப் பருப்புச் சூப்பு" என்றாள் அவளிடம். "கேரட் வேணுமா, எடுத்துடவா?"

"எடுத்துருங்க" என்றது குழந்தை.

அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.